யாரும் பெருக்காத மூலை

இந்த மாலைப் பொழுதுக்கு மகுடமாக மேடை நடுவே வீற்றிருக்கும் விழாத் தலைவர், வன்னியம்பட்டி விலக்கில் மரக்கடை நடத்தி, இந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதி வீடுகளுக்கு நிலையும் கதவும் அறுத்துக் கொடுத்துவிட்டு, இன்று மரம் நடும் விழாவுக்கு எந்தக் கூச்சமும் இல்லாமல் தலைமை ஏற்க வந்திருக்கும் அன்பு அண்ணாச்சி சோலைச்சாமி அவர்களே! சிரிக்கிறார் பாருங்கள். பெயரிலேயே சோலையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் அறுத்தது போதும், இனி நடலாம் என்று முடிவெடுத்த மனிதர் அவர். அவருக்கு என் முதல் வணக்கம்.

என் தலைமுடி கறுத்திருந்த காலத்திலிருந்தே இந்த ஊர்ப் பொதுக்காரியங்களைத் தோளில் சுமந்து, இன்றும் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே! பகலெல்லாம் பாடுபட்டு, அடுப்பை அணைத்து, முகம் கழுவி, பூ வைத்து, இடுப்பில் பிள்ளையோடு வந்து முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில், பேச்சு நன்றாக இருந்தால் கேட்போம், இல்லாவிட்டால் கிளம்புவோம் என்று பைக்கில் சாவியை மாட்டியபடியே உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே! எங்கள் ராஜபாளையம் தறித் தெருவிலிருந்து ஒரே வேனில் ஏறி, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்து சேர்ந்திருக்கும் என் தெருச் சனங்களே! அனைவருக்கும் லிங்கேஸ்வரனின் வணக்கம், வணக்கம், வாயார வணக்கம்!

நான் யார் என்று கேட்பீர்கள். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவன். பகலில் செம்புக் கம்பியைச் சுற்றுவேன், சாயங்காலம் மைக் கிடைத்தால் சொல்லைச் சுற்றுவேன். கடையில் என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லாம் கருகிய மோட்டாரோடு வருவார்கள். இன்று நீங்கள் ஒரு காட்டோடு அழைத்திருக்கிறீர்கள். மனம் குளிர்ந்து வந்தேன்.

ஆனால், மேடை ஏறியதும் என்னைத் திடுக்கிட வைத்துவிட்டீர்களே! இதோ, தலைவர் நாற்காலிக்குப் பின்னால் சிவப்புப் பட்டுத்துண்டு போர்த்தி ஏதோ அடுக்கி வைத்திருக்கிறார்கள். பரிசுக் கோப்பை என்று நினைத்தேன். காற்று அடித்தது, துண்டு விலகியது, உள்ளே பார்த்தால் கட்டுக் கட்டாகப் புதுத் துடைப்பம்! "எதுக்கு அண்ணாச்சி இது?" என்று கேட்டேன். அண்ணாச்சி என் காதோடு சொல்கிறார்: "நாளைக்கு காடு நடுதோம்லா, அதைச் சுத்தமா வச்சிக்கிடணும்னு நம்ம மகளிர் குழுவுக்கு என் அன்பளிப்பு. பெருக்கி, கோலம் போட்டு, கண்ணாடி மாதிரி வச்சிருப்பாக பாருங்க!"

எனக்குத் தலை சுற்றியது. நான் சொல்ல வந்த பேச்சு வேறு. எழுதி வைத்திருந்ததைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டேன். இப்போது நான் பேசப் போவது அந்தத் துடைப்பத்தைப் பற்றித்தான். தாய்மார்கள் கோபிக்கக் கூடாது. கோபித்தாலும் கடைசி வரை கேட்டுவிட்டுக் கோபியுங்கள்.

அன்பர்களே, உங்கள் பூக்காரத் தெருக் கோடியில் ஊர்க் குப்பையெல்லாம் குவிந்து, மூக்கைப் பொத்தாமல் முன்னே போக முடியாத மேடு ஒன்று இருந்தது. அதை அள்ளி அகற்றி, அந்த இடத்தில் ஊருக்குள் ஒரு காடு வளர்க்கப் போகிறீர்கள். நாளைக் காலை முதல் கன்று. நகராட்சி என்ன சொல்லியிருக்கிறது? காடு பிடித்தால் காடு. பிடிக்காவிட்டால் அடுத்த ஆடித் தேருக்குள் அந்த இடம் கார் நிறுத்துமிடம். ஒரே ஒரு வாய்ப்பு! அந்த ஒரே வாய்ப்பைப் பட்டுத்துண்டு போர்த்தி அண்ணாச்சி கெடுக்கப் பார்க்கிறார், அதுவும் அன்பளிப்பாக!

ஏன் அப்படிச் சொல்கிறேன்? எங்கள் தெருக் கதையைக் கேளுங்கள்.

ராஜபாளையத்தில் முடங்கியாறு போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் தறித் தெரு. ஒரு பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக் கொட்டகைகள். மறுபக்கம் தகரக் கூரை போட்ட வீடுகள். கண்ணை உயர்த்தினால் மேற்கே மலை தெரியும். பச்சைப் பசேலென்று, மேகம் உட்கார்ந்து, பார்க்கப் பார்க்க அழகு! ஆனால் அந்த மலையின் குளிர்ச்சி எங்கள் தகரக் கூரைக்கு என்றாவது இறங்கி வந்திருக்கிறதா? செண்பகத்தோப்பில் மரத்துக்கு மரம் தாவுகிற மலையணில் எங்கள் தெருவுக்கு வந்தால், தாவ ஒரு கிளை இருந்திருக்குமா? மலை பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே ஊருக்குள் இருந்த ஒவ்வொரு மரத்தையும் வெட்டி விற்றவர்கள் நாம். வாங்கினவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன், அண்ணாச்சி மேடையில் இருக்கிறார்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பஞ்சாலை வேலைக்குப் போகிறவர். அதிலும் பாதிப் பேர் இரவு ஷிப்ட். ஊர் தூங்கும்போது அவர்கள் விழித்திருப்பார்கள், ஊர் விழிக்கும்போது அவர்கள் தூங்க வேண்டும். பகலில் தூங்குகிறவன் படும் பாட்டைப் பற்றி யாராவது இதுவரை மேடையில் பேசியிருக்கிறார்களா? காலையில் வந்து, கஞ்சி குடித்து, கண்ணயர்ந்தால், பத்து மணிக்கெல்லாம் தகரம் கொதிக்கும். மின்விசிறியைப் போட்டால் அனல் அடிக்கும். நனைத்த துண்டைப் போர்த்திப் படுத்தால் திரும்பிப் படுப்பதற்குள் காய்ந்துவிடும். தூங்காத கண்ணோடு மறுபடி இரவு மெஷின் முன்னால் நிற்க வேண்டும். மெஷின் தூங்காது, அய்யா! மனுசன் அசந்தால் அது விரலைக் கேட்கும்.

அந்தத் தெருவில் மாரிச்சாமி என்று ஒருவர். இரவு ஷிப்ட்காரர். இதோ, இடது பக்கம் மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறாரே பாண்டீஸ்வரி, அவருடைய வீட்டுக்காரர். வீட்டுக்குள் வெக்கை தாங்காமல் மாரிச்சாமி ஒரு வழி கண்டுபிடித்தார். தெருக் கடைசியில் காலி மனை இருந்தது, அங்கே லாரிகள் நிற்கும். தெரு முழுக்கத் தேடினாலும் நிழல் என்று ஒன்று கிடைக்கிற ஒரே இடம் எது? நிற்கிற லாரிக்கு அடியில்! பாயைச் சுருட்டிக்கொண்டு போய் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கினார் மனிதர். ஒரு நாளா, இரண்டு நாளா? கோடை முழுவதும்.

ஒரு சித்திரை நண்பகல். மாரிச்சாமி அடியில் தூங்குகிறார். டிரைவர் மேலே ஏறி வண்டியைக் கிளப்புகிறார். எதிர் வீட்டில் கிருபாபாய் என்று ஒரு சகோதரி, வலது பக்கம் கடைசியில் உட்கார்ந்திருக்கிறாரே அவர்தான், அவரும் இரவு ஷிப்ட் பார்க்கிறவர், தூக்கம் வராமல் வாசலில் வந்து நின்றவர், சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் நீட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டார். "ஏய்! நிறுத்து! நிறுத்துலே! அடியில ஆளு கெடக்கு! கர்த்தாவே!" என்று அவர் போட்ட சத்தத்தில் அத்தனை தறிகளும் நின்றன. லாரியும் நின்றது. சக்கரம் ஏற ஒரு முழம்தான் பாக்கி.

அன்று பாண்டீஸ்வரி ஓடி வந்து கிருபாபாயைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை நான் என் கண்ணால் பார்த்தேன். "என் தாலியக் காப்பாத்திக் குடுத்திட்டியே மதினி! ஒனக்கு என்ன செய்வேன்!" என்று கதறினார். அதற்குக் கிருபாபாய் சொன்ன பதிலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்ட்டி. லாரிக்கு அடியில தவிர இந்தத் தெருவுல ஒரு நெழலு வேணும். அதுக்கு என்னமாச்சும் செய்வோம், வா" என்றார்.

அந்த இரண்டு பெண்களும் கிளம்பினார்கள். எந்த அலுவலகத்தை விட்டார்கள்? எந்தப் படியை விட்டார்கள்? கடைசியில் நகராட்சி இறங்கி வந்தது. லாரிகளை வேறு இடத்துக்கு மாற்றுகிறோம், நீங்கள் அங்கே குறுங்காடு வளர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மழைக்காலம் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் லாரி திரும்பி வரும் என்றது. உங்களுக்குச் சொன்னது போலவேதான். பேண்டேஜ் கம்பெனி நடத்துகிற கௌதம்ராஜ் தெருச் சங்கத் தலைவரானார். வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை, வாகை, மருது, மகிழம் என்று கன்றுகள் வந்து இறங்கின. திருவிழாப் போல நட்டோம். நெருக்கி நெருக்கி நட்டோம். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம்.

அதற்கப்புறம் எங்கள் தெரு ஒரு காரியம் செய்தது. அட, சீமையில் எவனும் செய்யாத காரியம்! மலையில் எந்த யானையும் செய்யாத காரியம்! காட்டைப் பெருக்க ஆரம்பித்தார்கள்!

சிரிக்காதீர்கள் தாயே, நாளைக்கு நீங்களும் இதைத்தான் செய்ய இருந்தீர்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தரையில் ஒரு சருகு கிடந்தால் சோறு இறங்காது. "ஊரு நம்ம பேர்ல குடுத்த எடம், குப்பையும் கூளமுமா கெடந்தா நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்றார்கள். கௌதம்ராஜ் முறை வைத்தார். வீட்டுக்கு ஒரு துண்டு நிலம், அவரவர் துண்டை அவரவர் பெருக்க வேண்டும். காலையில் ஐந்தரைக்கெல்லாம் சரக் சரக்கென்று துடைப்பச் சத்தம். ஓர் இலை உதிர்ந்தால் பெருக்கு! ஒரு குச்சி விழுந்தால் பொறுக்கு! குவித்த சருகுக்குத் தீ வை! தண்ணீர் தெளி! கன்றுக்குக் கன்று நடுவே கோலம் வேறு! வெளியூரிலிருந்து வந்தவர்களெல்லாம் ஆகா, ஆகா என்றார்கள். படம் எடுத்தார்கள். கல்யாண வீட்டு முற்றம் தோற்றது போங்கள்.

கன்றுகள் என்ன செய்தன? ஒரு மழை முடிந்தது, வெயில் வந்தது. பெருக்கிப் பெருக்கி வழுவழுப்பான தரை கட்டாந்தரையாக இறுகியது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடியது. வேம்பு வெளிறியது. நாவல் நலிந்தது. மகிழம் வந்த மாதிரியே நின்று, பிறகு நிற்கவும் முடியாமல் சாய்ந்தது. மாரிச்சாமி மறுபடி பாயைச் சுருட்டிக்கொண்டு லாரியைத் தேடிப் பக்கத்துத் தெருவுக்குப் போக ஆரம்பித்தார். பாண்டீஸ்வரி என் கடைக்கு வந்து, "அண்ணே, இதுக்கு மேல என்ன செய்யதுன்னு தெரியலண்ணே, எம்புட்டுத் தண்ணி ஊத்துனாலும் கருகுதே" என்று கண் கலங்கினார். எனக்கும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாரும்மா என்று சொல்லி அனுப்பினேன்.

இதற்கிடையில் வந்தது ஒரு சண்டை! பாண்டீஸ்வரியின் துண்டும் கிருபாபாயின் துண்டும் அடுத்தடுத்து இருந்தன. கடைசியில், டிரான்ஸ்பார்மர் பக்கம், இரண்டுக்கும் நடுவே ஒரு மூலை. ஒரு நாள் பாண்டீஸ்வரி பெருக்கிய சருகை அந்த மூலையில் தள்ளினார். அது கிருபாபாய் பக்கம் பறந்தது. அவர் திருப்பித் தள்ளினார். இவர் மறுபடி தள்ளினார்.

"ஏட்டி, ஒன் குப்பைய எம்பக்கம் தள்ளுதியோ?" என்றார் கிருபாபாய்.

"ஆமா, ஒம்பக்கம் என்ன ஒலகத்துல இல்லாத பக்கமோ? அந்த மூலை ஒன்னோடது, நீ பெருக்கு!"

"என்னோடதா? கோடு போட்டுப் பாரு. ஒன்னோடது!"

உயிரைக் காப்பாற்றினவர், காப்பாற்றப்பட்டவர்! கிறிஸ்துமசுக்கு அதிரசமும் பொங்கலுக்கு வெண்கலப் பானைப் பொங்கலும் கைமாறிக்கொண்ட வீடுகள்! ஒரு கூடைச் சருகுக்காகப் பேச்சு நின்றது. போக்குவரத்து நின்றது. ஒருவர் குழாயடியில் நின்றால் இன்னொருவர் வர மாட்டார். தெருவே சமாதானம் பேசிப் பார்த்தது, நடக்கவில்லை. அந்த மூலையை இவர் பெருக்கினால் இவர் தோற்றதாக ஆகிவிடும், அவர் பெருக்கினால் அவர் தோற்றதாக ஆகிவிடும். ஆகையால் அந்த மூலையை யாருமே பெருக்கவில்லை. மற்றவர்கள் தள்ளிவிட்ட சருகும் அங்கேதான் சேர்ந்தது. தெருவுக்கே அது ஒரு மானக்கேடு. வெளியாள் யாராவது பார்க்க வந்தால் அந்தப் பக்கம் போகாமல் திருப்பிக் கூட்டிப் போவோம்.

இரண்டாம் மழைக்காலமும் முடிந்தது. நகராட்சியிலிருந்து பொறியாளர் பானுப்பிரியா என்ற அம்மையார் பார்வையிட வந்தார். தெருவே கூடி நின்றது. கௌதம்ராஜ், "ரண்டம்மா, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்று எலுமிச்சம்பழம் கொடுத்தார். அம்மையார் நடந்தார். பார்த்தார். வாடிய வேம்பைத் தொட்டார், இலை கையோடு வந்தது. செத்த நாவலைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "சுத்தமா வச்சிருக்கீங்க. ஆனா காடு இல்லையே" என்றார். பாண்டீஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். லாரி திரும்பி வரப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

நாங்கள் எவ்வளவோ தடுத்தும் அந்த அம்மையார் மூலை வரை நடந்துவிட்டார். நடந்தவர் அப்படியே நின்றார். அங்கே புங்கன் தலைக்கு மேலே நிற்கிறது! வாகை அதற்கும் மேலே போகிறது! இலுப்பை தளதளவென்று தளிர் விட்டிருக்கிறது! ஒரு தவிட்டுக் குருவிக் கூட்டம் கலகலவென்று கத்திக்கொண்டு சருகைக் கிளறுகிறது. அதே மண், அதே மழை, அதே கன்று. அங்கே மட்டும் காடு!

நீங்கள் கேட்கலாம், உங்கள் கண்ணுக்கு அது முன்பே தெரியவில்லையா என்று. அய்யா, நாங்கள் அந்தப் பக்கம் பார்த்தபோதெல்லாம் சருகைத்தான் பார்த்தோம். மரத்தை யார் பார்த்தது? குப்பையைக் குனிந்து பார்த்துச் சண்டை போட்டவர்கள் யாரும் தலையை நிமிர்த்தவில்லை.

அம்மையார் திரும்பி, "இந்த மூலைக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். குட்டு வெளிப்பட்டதென்று இரண்டு பேரும் பதறிவிட்டார்கள்.

"அவதாம்மா! அவதான் பெருக்காம போட்டுட்டா!" என்றார் பாண்டீஸ்வரி.

"நானா? மாரியாத்தா சத்தியமாச் சொல்லச் சொல்லுங்கம்மா, அது அவ பக்கம்!" என்றார் கிருபாபாய். வேதக்கார வீட்டுப் பெண், எதிராளிக்காக மாரியாத்தாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

அம்மையார் குனிந்து சருகுக்குள் கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போனது. மேலே காய்ந்த இலை, அடியில் மக்கிய இலை, அதற்கும் அடியில் கறுப்பு மண், ஈரம் கசிகிற மண். ஒரு பிடி அள்ளி எல்லாருக்கும் காட்டினார். மண்புழு நெளிந்தது. எரிக்கிற வெயிலில் அந்த மண் குளிர்ந்து கிடந்தது. "பெருக்காம விட்டது யாரு? அவங்களுக்குத்தான் நான் மாலை போடணும்" என்றார்.

உடனே பார்க்க வேண்டுமே!

"நான்தாம்மா பெருக்கல! ஒரு நாள்கூடப் பெருக்கல!" என்று பாண்டீஸ்வரி முன்னால் பாய்ந்தார்.

"அவ பொய் சொல்லுதா! நான்தான் பெருக்கல! தெருவே என்னை ஏசுச்சு, அப்பயும் நான் பெருக்கலியே!" என்று கிருபாபாய் குறுக்கே விழுந்தார்.

கை தட்டுகிறீர்கள்! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! இந்த நாட்டில் வேலை செய்தது யார் என்று சண்டை போட்டவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். வேலை செய்யாதது நான்தான் என்று பெருமைக்குச் சண்டை போட்டது எங்கள் தறித் தெருவில் மட்டும்தான்!

அந்த அம்மையார் இன்னொரு மழைக்காலம் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் பழக்கம் விடுமா? சொல்லுங்கள், காலையில் எழுந்ததும் கைக்குத் துடைப்பம் தேடுமே! ஆவுடையம்மாள் என்று ஒருவர், வேறு யாரும் இல்லை, என் மனைவிதான், விடியலில் பூனை போல நடந்து போய்ப் பெருக்கிக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்தேன். "சும்மா இருங்க, கை அரிக்குது, ஒரு ஓரத்த மட்டும் பெருக்கிக்கிடுதேன்" என்றார். கடைசியில் தெருத் துடைப்பம் அத்தனையையும் சேகரித்து கௌதம்ராஜ் கம்பெனி அறையில் வைத்துப் பூட்டினோம். துடைப்பத்துக்குப் பூட்டுப் போட்ட தெரு எங்கள் தெரு! அவரவர் வாசலைப் பெருக்க ஒரு வேளை கொடுத்து, வாங்கிப் பூட்டுவோம்.

சருகு விழுந்தது, விழுந்தபடி கிடந்தது. குச்சி முறிந்தது, முறிந்தபடி கிடந்தது. மழை பெய்தது, பெய்த நீரை மண் குடித்தது. சாய்ந்து கிடந்த மகிழம் கூட அடியில் துளிர்த்தது, அய்யா! செத்தது என்று நாங்கள் கைவிட்ட நாவல், போன மாதம் என் தோளைத் தாண்டிவிட்டது. லாரி திரும்பி வரவே இல்லை. கட்டிய கட்டடம் கட்டிய அன்றிலிருந்து பழசாகிறது. வளர்த்த காடு வளர வளரப் புதுசாகிறது.

யாரது பின்னால், பைக்கில் இருக்கிற தம்பி? என்ன கேட்கிறாய்? பாம்பு வராதா என்கிறாயா? நல்ல கேள்வி. உன் பயம் எனக்கும் உண்டு. காட்டுக்கு உள்ளே போய் வர ஒரே ஒரு நடைபாதை போட்டோம், அதை மட்டும் பளிச்சென்று பெருக்குகிறோம். அங்கே கோலமும் உண்டு, எங்கள் பெண்கள் அதையாவது விடுவார்களா! வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டு எட்டு இடம் வெறுமையாக விட்டிருக்கிறோம். உள்ளே பீடி கொளுத்தினால் ஊரே திரண்டு வரும். காலில் செருப்பு இல்லாமல் சருகுக்குள் இறங்க மாட்டோம். அங்கே யாருக்காவது வேலை இல்லாமல் நடமாட வேண்டும் என்று என்ன வந்தது, தம்பி? அதில் குடியிருக்கிறவை குடியிருக்கட்டும். நாம் ஓரத்தில் நின்று காற்று வாங்கினால் போதாதா?

நம் ஊர்கள் மாறுகின்றன, அன்பர்களே. தேவதானம் வரை வயலாகக் கிடந்த சாலையோரம் இன்று கல் நட்டு மனையாகிறது. மாறட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? பிள்ளைகளுக்கு வீடு வேண்டாமா? வேலை வேண்டாமா? பஞ்சாலை வேண்டாமா, பேருந்து நிலையம் வேண்டாமா? வேண்டும், எல்லாம் வேண்டும்! ஆனால் வீட்டுக்குக் கூரை போடுகிறவன் ஊருக்குக் கூரை போட வேண்டாமா? உழைக்கிறவனுக்குக் கூலி கொடுக்கிற ஊர் அவனுக்கு உறக்கம் கொடுக்க வேண்டாமா? சாலைக்கு இடம் ஒதுக்கத் தெரிந்த நமக்கு, சந்தைக்கு இடம் ஒதுக்கத் தெரிந்த நமக்கு, சருகு விழ ஓர் இடம் ஒதுக்கத் தெரியாதா? பெரிய நகரங்கள் எல்லாம் காசைக் கொட்டிக் காட்டைத் தேடுகின்றன. நமக்கு மலை பக்கம். விதை பக்கம். நாளை நாம் வளர்க்கிற ஒவ்வொரு ஊர்க்காடும் மலையிலிருந்து வருகிற பறவைக்கு ஒரு படிக்கட்டு. செண்பகத்தோப்பில் கிளம்பிய பறவை பூக்காரத் தெருவில் இறங்கி, தறித் தெருவில் இளைப்பாறிப் போகட்டுமே! ஊருக்குள் காடு வந்தால் ஊர் பின்னால் போகாது, அய்யா. அங்கே மனுசன் கொஞ்சம் கூடுதலாக வாழ்வான்!

மாரிச்சாமி இன்று எங்கே என்று கேளுங்கள். விழாவுக்கு வரவில்லை. ஏன்? காட்டு ஓரத்தில், புங்க நிழலில், கயிற்றுக் கட்டில் போட்டுப் பகல் முழுக்கத் தூங்கிவிட்டு, இந்நேரம் முகம் கழுவி இரவு ஷிப்டுக்குக் கிளம்பியிருப்பார். எங்கள் தெருவில் இப்போது வெயில் நேரத்தில் வரிசையாகக் கட்டில் கிடக்கும். அந்தப் பக்கம் போகும்போது ஹாரன் அடிக்க மாட்டோம். தூங்குகிறவன் முகத்தைப் பார்க்கிறபோது எனக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்ல என்னிடம் அலங்காரச் சொல் இல்லை. நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான்.

ஆகவே, தலைவர் அவர்களே, அண்ணாச்சி அவர்களே! உங்களைக் கை கூப்பிக் கேட்கிறேன். உங்கள் அன்பளிப்பை இந்த மேடையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் உங்கள் தெருப் பெண்கள் நாளையே பெருக்குவார்கள், அடுத்த ஆடிக்கு அங்கே கார்தான் நிற்கும். என்ன, எழுந்திருக்கிறீர்களே? மைக் வேண்டுமா? இந்தாருங்கள்.

கேட்டீர்களா சபையோரே! "துடைப்பத்தை நான் கடைக்கே திருப்பிக் கொண்டு போறேன், அதுக்குப் பதிலா என் பட்டறையில சேருற மரத்தூள் எம்புட்டோ அம்புட்டும் அந்த மண்ணுக்குத்தான்" என்கிறார் அண்ணாச்சி! வாழ்க! மரத்தை அறுத்த கை மண்ணை வளர்க்கட்டும்! அந்தத் தூளைக் கொட்டுவதற்கு முன் நன்றாக மக்க விடுங்கள் அண்ணாச்சி, அவசரம் வேண்டாம்.

இனி எங்கள் சீர். வெறுங்கையோடு வரவில்லை. மேடைக்குக் கீழே ஒரு சாக்கு மூட்டை இருக்கிறது, பார்த்தீர்களா? நீங்கள் புண்ணாக்கு என்று நினைத்திருப்பீர்கள். அது எங்கள் மூலையின் சருகும், அதன் அடிமண்ணும். புதுக் காட்டுக்குப் பழைய காட்டின் உரம். நாளை முதல் கன்றின் காலடியில் அதைத்தான் போட வேண்டும். அதை மேடையில் கொண்டு வந்து கொடுக்க உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர். அந்த மூலையைப் பெருக்காதவர்கள்! பாண்டீஸ்வரி, வாம்மா. கிருபாபாய், வாருங்கள். நீங்கள் இருவரும் மூன்று வருடமாகப் பேசவில்லை என்று இந்த ஊருக்கும் சொல்லிவிட்டேன், இனி ஒளிய இடமில்லை.

வருகிறார்கள். இவர் இடது பக்கமாக வருகிறார், அவர் வலது பக்கமாக வருகிறார். மூட்டை கனம், தனியாளால் முடியாது. வேண்டுமென்றே அப்படித்தான் கட்டச் சொன்னேன். கௌதம்ராஜ், நீங்கள் உதவிக்குப் போகாதீர்கள், உட்காருங்கள்! பாண்டீஸ்வரி ஒரு முனையைப் பிடிக்கிறார். கிருபாபாய் நிற்கிறார். நிற்கிறார். ஆ, பிடித்துவிட்டார்! தூக்குகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், சத்தம் போடாதீர்கள், ஏதோ பேசுகிறார்கள். மைக்கை அந்தப் பக்கம் நீட்டுகிறேன்.

"ஏட்டி, மெல்லத் தூக்கு. அன்னைக்கே ஒனக்கு இடுப்பு வலின்னு சொன்னாக."

"ஒனக்கு யாரு சொன்னா மதினி?"

"பேசலன்னா காது கேக்காதாக்கும்?"

கேட்டீர்களா? சபையோரே, கேட்டீர்களா? மேடையில் நூறு முறை முழங்கியிருக்கிறேன், இப்படி ஒரு பேச்சு எனக்கு வராது. இதற்கு மேல் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம்.

ஒரே ஒரு விண்ணப்பம் வைத்து அமர்கிறேன், இது அந்த இரண்டு சகோதரிகளுக்கு. தாயே, நீங்கள் சேர்ந்துவிட்டீர்கள், மனம் நிறைந்தது. வரும் கிறிஸ்துமசுக்கு அதிரசம் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகட்டும். ஆனால் சேர்ந்துவிட்ட சந்தோஷத்தில், நாளைக் காலை இரண்டு பேருமாகப் போய் அந்த மூலையைப் பெருக்கிவிடாதீர்கள்!

இவ்வளவு நேரம் பொறுமையாக அமர்ந்து கேட்ட தாய்மார்களுக்கும், சாவியைத் திருகாமல் இருந்த தம்பிகளுக்கும், பட்டுத்துண்டைத் திரும்ப மடித்து வைத்த தலைவருக்கும் என் நன்றி. உங்கள் காடு ஓங்கி வளரட்டும், அதன் சருகு விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும், உங்கள் தெருவில் உழைத்துக் களைத்தவர்கள் நிழலில் கண்ணயரட்டும். போய் வருகிறேன், வணக்கம்!